திருகுகளைத் தலை மேலாக வரிசைப்படுத்தும் அதிர்வுக் கிண்ணம்: தொடங்குவோருக்கான செய்முறை

தஞ்சாவூர்ப் பக்கம் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிகளை ஒன்றுசேர்க்கும் சிறு பட்டறை ஒன்றில், 4 மி.மீ. தண்டும் 8 மி.மீ. தலையும் 16 மி.மீ. நீளமும் உள்ள திருகுகளைத் தலை மேலாக வரிசையில் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பவுல் ஃபீடர் எனப்படும் அதிர்வுக் கிண்ணம் இதற்குப் போதும்.

கிண்ணத்தின் உட்சுவரில் சுருளாக ஏறும் தடமும், அடியில் சாய்வாகப் பொருத்திய லீஃப் ஸ்பிரிங்குகளும் (இலைகளாக அடுக்கிய தட்டையான எஃகுப் பட்டைகள்), நடுவே மின்காந்தமும் இருக்கும். காந்தம் இழுக்கும்போது கிண்ணம் சற்றே முறுகிக் கீழிறங்கும். விட்டதும் மேலும் முன்னுமாக எழும்பும். அதனுடன் முன்னே போன திருகு, கிண்ணம் திரும்பும்போது முழுவதும் பின்வாங்காமல் தங்கிவிடுவதால், சிறு தத்தல்களாக மேலேறுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்தால் நொடிக்கு 100 அதிர்வுகள். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு வழியே அரை அலையாகக் கொடுத்தால் 50.

படி 1: திருகுகளை ஒரு பலகையில் கொட்டி, அவை எந்தெந்த நிலைகளில் கிடக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலானவை படுத்திருக்கும், சில தலைகீழாக நிற்கும். கிண்ணத்தில் உள்ள பெரும்பாலான தடைகள் பொருளைத் திருப்புவதில்லை, தவறாக வருவதை உள்ளே தள்ளிவிடுகின்றன. எனவே இயல்பாகவே அதிகம் கிடக்கும் நிலையைப் பயன்படுத்திக்கொள்வதே சிக்கனம்.

படி 2: தடத்துக்கு மேலே ஏறத்தாழ 9 மி.மீ. உயரத்தில், உட்பக்கம் சாய்ந்தவாறு ஒரு தகட்டைப் பொருத்துங்கள். படுத்த திருகு அடியில் நுழைந்துவிடும். நிற்பதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதும் கிண்ணத்துக்குள் விழும்.

படி 3: தடத்தை ஒற்றை வரிசைக்குக் குறுக்கி, அதன் பின் 4.5 மி.மீ. அகலப் பிளவு ஒன்றை வெட்டுங்கள். தண்டு பிளவுக்குள் இறங்க, தலை மேலே தொங்கிக்கொள்ளும். தலை முன்னே வந்தாலும் தண்டு முன்னே வந்தாலும் முடிவு ஒன்றே என்பதால் திருகு நல்ல தொடக்கப் பொருள். பிளவு நிரம்பியபின் வருபவை குறுகிய இடத்திலேயே உள்ளே சரிந்துவிட வழி விடுங்கள், இல்லாவிட்டால் நெருக்கியடித்து அடைத்துக்கொள்ளும்.

படி 4: தகடுகளைப் பற்றவைத்து முடித்த பிறகே ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள், கூடுதல் எடை கிண்ணத்தின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது அது தானாக அதிரும் வேகத்தை, மாற்றிவிடும். கிண்ணத்தை மெதுவாக ஓட்டியபடி ஒரு ஸ்பிரிங் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். அசைவு கூடினால் ஸ்பிரிங் அதிகம், ஒரு இலையைக் கழற்றலாம். உடனே குறைந்தால் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பின்னர் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கிவிடுங்கள். காந்தம் மோதும் டக்டக் ஒலி கேட்டால், காந்தத்துக்கும் அது இழுக்கும் பகுதிக்கும் இடையே இடைவெளி போதவில்லை என்று பொருள்.

படி 5: கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பாமல் ஓட்டுங்கள். குறுவைப் பருவத்தில் பம்புசெட்டுகள் ஒருசேர ஓடி மின்னழுத்தம் இறங்கினால், காந்த விசை அதைவிட வேகமாகக் குறைந்து திருகுகள் தடத்திலேயே நின்றுவிடும்; மின்னழுத்த மாற்றத்தை ஈடுசெய்யும் கன்ட்ரோலர் வாங்குவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருவேறிய திருகும் எண்ணெய் படிந்த திருகும் தடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றைத் துடைத்து உலர்த்திய பின்னரே கொட்டுங்கள்.