சார்ஜரைப் பிடுங்கியாச்சு, அப்புறம்?

2023-ல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் நாடுகள் 2030-க்கென்று இரண்டு இலக்குகளை ஏற்றுக்கொண்டன. புதுப்பிக்கத்தக்க மின்திறனை மும்மடங்காக்குவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எரிசக்தித் திறன் (அதே வேலையைக் குறைந்த எரிசக்தியில் முடிப்பது) மேம்படும் வேகத்தை ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவது என்கிற இன்னொன்றைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். எரிசக்தித் தேவையைக் குறைக்கும் பேச்சுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். அக்கறையோடு இறங்குபவர்களும் சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துரத்துவது. போன் இல்லாமல் சும்மா செருகியிருக்கும் நல்ல சார்ஜர் கால் வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டு முழுக்க அப்படியே விட்டாலும் 2.2 யூனிட்தான். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்க ஒரே தடவைக்கு 3.5 யூனிட் வேண்டும். வருடம் பூராவும் பிடுங்கிப் பிடுங்கிச் சேமித்தது ஒரு தொட்டிக் குளியலுக்குக்கூடப் பத்தாது. உலகில் வீடு, ஆலை, வண்டி என்று பயன்படுத்துபவர் கைக்கு வந்துசேரும் எரிசக்தியில் கிட்டத்தட்ட பாதி வெப்பத்துக்கே போகிறது. சார்ஜரைப் பிடுங்காதீர்கள் என்று சொல்லவில்லை, பிடுங்கியதும் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறதே, அதுதான் சிக்கல்.

அடுத்து, தேவையைக் குறைப்பது என்றாலே இருட்டில் உட்காருவது என்று நினைப்பது. யூனிட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? வெளிச்சம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், போகிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இப்போது 8, 9 வாட் எல்இடி தருகிறது. இப்படித் தேவைப் பக்கம் எடுக்கும் நடவடிக்கைகள் மட்டுமே, போகிறபடியே போனால் 2050-ல் எவ்வளவு இருக்குமோ அதில், போக்குவரத்து, கட்டடம், தொழில், உணவு ஆகியவற்றின் பசுங்குடில் வாயு உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கை.

இன்று எரிக்கும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியால் ஒன்றுக்கு ஒன்று ஈடு கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவதும் தப்பு. வழக்கமான அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. பெட்ரோல் என்ஜினிலும் பெரும்பகுதி சூடாகவே வெளியே போகிறது. வெளியே இருக்கும் வெப்பத்தை இழுத்துவரும் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்துவிடும். வீணாகப் போவதற்கு எதற்கு ஈடு?

தொழிற்கூடம் பக்கம் போனால் எனக்குப் பிடித்த தவறு ஒன்று இருக்கிறது. உலக மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மோட்டார்களுக்குத்தான் செலவாகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய பம்பாக வாங்கி மாட்டுவார்கள், தண்ணீர் அதிகமாக வந்ததும் வால்வைத் திருகி அடக்குவார்கள். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிற வேலை இது. வால்வைத் தொடாமல் மோட்டாரின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், பம்புக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிக்கு (0.8 × 0.8 × 0.8, அதாவது சுமார் 0.5) ஏற்ப மாறுகிறது. (நல்ல உயரத்துக்குத் தூக்க வேண்டிய இடத்தில் இந்த லாபம் குறையும்.) இன்னும் கேட்டால், முதலில் குழாயைப் பருமனாக, வளைவு குறைவாகப் போட்டுவிட்டு அதற்கு என்ன பம்ப் போதும் என்று பார்க்க வேண்டும். நடப்பதென்னவோ தலைகீழ்.

திறன் கூடினால் பயன்பாடும் கூடும் என்று 1865-லேயே ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்து எச்சரித்தார். நானும் குறைவாக மின்சாரம் தின்னும் புது ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்று பழையதைப் பின்கட்டில் ஓடவிட்டவன்தான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு திறன் மேம்பாடே வீண் என்று முடிவு கட்டுவது அதைவிடப் பெரிய அசட்டுத்தனம். வீட்டுச் சாதனங்களில் சேமிப்பின் ஒரு பகுதிதான் அப்படிப் போகிறது, மீதி கையில் நிற்கிறது.

கடைசித் தவறு, எல்லோருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது. உலக அளவில் வீட்டு நுகர்வால் வரும் உமிழ்வில் 34 முதல் 45 சதவீதம் வரை மேல்தட்டு 10 சதவீதக் குடும்பங்களுடையது, இதுவும் ஐபிசிசி சொன்னதுதான். உலகில் இன்னும் 60 கோடிப் பேருக்கு மேல் மின்சாரமே இல்லை. அவர்களிடம் போய் எந்த விளக்கை அணைக்கச் சொல்வது?