விஷன் போர்டு செய்முறை: படம் வெட்டும் முன் முடிக்க வேண்டிய வேலை

விஷன் போர்டு என்பது நம் இலக்குகளைப் படங்களாகவும் வாக்கியங்களாகவும் வைத்து, கண்ணில் படும் இடத்தில் மாட்டும் பலகை. அதைச் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுக்கிறார்கள். கண்ணுக்குப் பிடித்த படங்களையெல்லாம் வெட்டி, ஒரே மாலையில் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அது சுவரில் இருப்பதே மறந்துபோகும். கிடைத்த படத்துக்கு ஏற்ப ஆசையை வளைத்ததுதான் காரணம். ஆசையை எழுதிவிட்டு, அதற்குப் படம் தேடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஏ2 அளவு (42 × 59.4 செ.மீ.) போர்டு ஒன்று. முதல்முறை செய்பவர்களுக்குக் கார்க் போர்டும் குண்டூசியும்தான் சரி. வருஷத்தின் நடுவில் மனம் மாறினால் படத்தையும் மாற்றலாம். ஒட்டத்தான் வேண்டும் என்றால் 5 மி.மீ. ஃபோம் போர்டு வாங்குங்கள். சார்ட் பேப்பர் வேண்டாம். பசை காயும்போது ஓரமெல்லாம் சுருண்டுகொள்ளும்.

பசைக்கு க்ளூ ஸ்டிக் அல்லது டபுள் சைட் டேப். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டதும் காகித இழை உப்பி விரியும், காயும்போது சீராகச் சுருங்காது. அதனால்தான் படம் அலை அலையாக நிற்கிறது. இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் மையும் கசியும்.

படி 1: எழுதுங்கள்

உடல்நலம், வேலை, பணம், உறவு, கற்றல், ஓய்வு. இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் நான்கு. ஆறையும் எடுத்தால் எதிலும் கவனம் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கியம்.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். "ஆரோக்கியமாக இருக்க வேண்டும்" என்பது வெறும் ஆசை. "வாரத்தில் 4 நாள், காலையில் 30 நிமிடம் நடப்பேன்" என்பது வாக்கு. "வேண்டும்" என்று முடிவதையெல்லாம் "நடப்பேன்", "சேமிப்பேன்", "படிப்பேன்" என்று மாற்றி எழுதுங்கள். மாற்ற வரவில்லை என்றால் என்ன செய்யப்போகிறோம் என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அதை முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: படம் தேர்ந்தெடுப்பது

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். வெற்றிக் கோட்டைத் தாண்டும் வீரர், கடலோர வீடு, கட்டுக்கட்டாகப் பணம் என்று எல்லாமே முடிவின் படங்களாக இருக்கும். செய்யும் வேலையின் படம் ஒன்றுகூட இருக்காது.

லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தேர்வுக்கு முன் மாணவர்களில் ஒரு குழு நல்ல மதிப்பெண் வாங்குவதாகக் கற்பனை செய்தது. இன்னொரு குழு உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்தது. படிப்பதைக் கற்பனை செய்தவர்களே தேர்வில் நன்றாகச் செய்தார்கள்.

அதனால் முடிவின் படம் ஒன்றுக்குச் செயலின் படம் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கி.மீ. ஓடுவது இலக்கு என்றால், பந்தயப் படம் ஒன்று போதும். மற்ற மூன்றும் இப்படி இருக்கட்டும்: வாசல் பக்கம் பார்த்தபடி, நாடா தளர்த்தி வைத்த உங்கள் ஷூ, 5:30 காட்டும் உங்கள் கடிகாரம், முந்தின இரவே நிரப்பிய தண்ணீர் பாட்டில். மூன்றையும் உங்கள் மொபைலிலேயே எடுங்கள். யாரோ ஒரு மாடலின் பளபளப்பான ஷூவைவிட, குதிகால் தேய்ந்த உங்கள் ஷூ நன்றாக நினைவூட்டும். பிறர் உடம்பின் படங்களை ஒட்டவே ஒட்டாதீர்கள். தினமும் ஒப்பிட்டுப் பார்த்து நொந்துபோவதற்குத்தான் அவை உதவும்.

ஏ2 போர்டுக்கு 12 முதல் 15 படங்கள் போதும். 10 × 15 செ.மீ. பிரிண்ட் தெளிவாக வர, படம் 1200 × 1800 பிக்சலாவது இருப்பது நல்லது. தேடல் பக்கத்தில் தெரியும் சின்னப் படத்தை அப்படியே சேமித்தால் மங்கலாகத்தான் வரும். விளக்கொளி பிரதிபலிக்காமலிருக்க மேட் பேப்பரில் எடுங்கள். பத்திரிகைப் பக்கம் மெல்லியது, பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். முதலில் வெள்ளைத் தாளில் ஒட்டி, பிறகு வெட்டுங்கள்.

படி 3: ஒட்டாமல் அடுக்குங்கள்

பசையில்லாமல் அடுக்கி, ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். முக்கியமான இலக்கு முதலில் கண்ணில் படவில்லையென்றால், அதன் படத்தைப் பெரிதாக்குங்கள் அல்லது நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். திருப்தியானதும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை எடுத்துவிட்டு ஒட்டத் தொடங்கினால் எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது.

படி 4: ஒட்டுதல்

அடியில் வரும் படம் முதலில். க்ளூவை மூலை வரை தடவி, உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஃபோம் போர்டில் விரல்நுனி பட்டால் குழி விழும், உள்ளங்கையால் அழுத்துவதே நல்லது. வழவழப்பான பிரிண்ட் மேல் மார்க்கர் எழுத்து இழுபடும். வாக்கியங்களைத் தனி வெள்ளை அட்டையில் எழுதி ஒட்டுங்கள். எழுத்து 2 செ.மீ. உயரம் இருந்தால் தள்ளி நின்றும் படிக்கலாம்.

படி 5: தடை அட்டை

பலரும் விட்டுவிடும் படி இது, தயவுசெய்து விடாதீர்கள். ஆசையோடு கூடவே அதற்கு வரும் தடையையும் மனதில் வைக்க வேண்டும் என்பது கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியரின் ஆய்வுகள் சொல்வது. "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனை பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்திருக்கிறார். ஒவ்வொரு இலக்கின் கீழும் ஒரு சிறு அட்டை வையுங்கள்: "மழை பெய்தால், வீட்டுக்குள்ளேயே 20 நிமிடம் படி ஏறி இறங்குவேன்." முதல் பாதி "-ஆல்" என்றும், பின் பாதி "-ஏன்" என்றும் முடிய வேண்டும்.

படி 6: எங்கே மாட்டுவது

நின்று பார்க்கும் இடமென்றால் போர்டின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம், பிரிண்ட் வெளுத்துவிடும். வரவேற்பறையைவிட, அந்த வேலையைத் தொடங்கும் இடமே நல்லது: ஓட்டத்துக்கு ஷூ வைக்கும் இடம், படிப்புக்கு மேசை. மற்றவர்கள் பார்ப்பது கூச்சமாக இருந்தால் அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டுங்கள்.

பின்சேர்க்கை: மொபைல் வால்பேப்பராக வைப்பவர்கள் நான்கு படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரையின் மேல்பகுதியைக் கடிகாரமும் அறிவிப்புகளும் மறைத்துவிடும், அங்கே எழுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று: பழகிய படத்தைக் கண் கவனிக்காது. மாதம் ஒருமுறை ஒரு படத்தையாவது மாற்றுங்கள். போர்டின் பின்பக்கம் ஒரு உறை ஒட்டிவைத்து, கழற்றிய படத்தின் பின்னால் தேதியை எழுதி அதில் போட்டுவையுங்கள். அடுத்த வருஷம் படி 1-க்கு உட்காரும்போது முதலில் பிரிக்க வேண்டியது அந்த உறையைத்தான்.