பாக்கெட் தின்பண்டம் ஹலாலா? புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு செய்முறை

புதுச்சேரியில் பல வீடுகளில் மூன்று ஊர்த் தின்பண்டம் ஒரே அலமாரியில் இருக்கும். நேரு வீதியில் வாங்கிய சிப்ஸ், பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த ஜெல்லி மிட்டாய், பரங்கிப்பேட்டைச் சொந்தக்காரர் மலேசியாவிலிருந்து வந்தபோது கொடுத்த நூடுல்ஸ். மூன்றையும் ஒரே கண்ணால் பார்த்தால் சரிவராது. சிப்ஸுக்கு அரை நிமிடம் போதும், ஜெல்லிக்குத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

படி 1: சதுரத்துக்குள் என்ன இருக்கிறது?

இந்தியப் பாக்கெட்டில் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். அசைவக் குறியும் முன்பு வட்டமாகத்தான் இருந்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று 2020 லேபிள் விதிகளில் முக்கோணமாக்கினார்கள்.

பச்சை வட்டம் இருந்தால் பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் பற்றிய கவலையை அங்கேயே விட்டுவிடலாம். கடலை மிட்டாய், மிக்சர், சாதா பிஸ்கட் எல்லாம் பெரும்பாலும் இதோடு முடிந்தது. ஹலால் முத்திரை இல்லையே என்று முறுக்குப் பாக்கெட்டைத் திருப்பி வைப்பது தேவையில்லாத வேலை.

ஆனால் இரண்டு விஷயம் இதில் தப்பிவிடும். முதலாவது மது. விதி பார்ப்பது விலங்கிலிருந்து வந்ததா என்பதை மட்டும்தான், அதனால் முட்டையில்லாத பிளம் கேக்கில் ரம் சேர்த்திருந்தாலும் பச்சை வட்டம் போடலாம். நம்ம ஊர் பேக்கரிகளில் டிசம்பர் மாதம் இதை மறக்காதீர்கள். லேபிளே ஒட்டாமல் துண்டாக விற்கும் கேக் என்றால் வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. இரண்டாவது ஷெல்லாக், லேபிளில் சேர்க்கைப் பொருள் எண் 904. மிட்டாய்களுக்குப் பளபளப்புத் தரும் இந்தப் பிசின் அரக்குப் பூச்சி சுரப்பது. தேனைப் போலவே இதையும் விதி அசைவக் கணக்கில் சேர்ப்பதில்லை. உலமாக்களில் (மார்க்க அறிஞர்களில்) பலர் இதைச் சாப்பிடக் கூடும், அதாவது அனுமதி உண்டு என்கிறார்கள்.

முக்கோணம் இருப்பதெல்லாம் ஹராமும் அல்ல. முட்டை சேர்ந்த கேக்குக்கும் அதே குறிதான். எதனால் அந்தக் குறி என்று பட்டியலில் தேடுங்கள். முட்டை, மீன் என்றால் சரி. கோழி, மாட்டிறைச்சி என்றால் அறுத்த முறை தெரிய வேண்டும், அங்கே ஹலால் முத்திரை இல்லாமல் எடுக்காதீர்கள். இறால் சிப்ஸ் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) கூடும். ஹனஃபி மத்ஹப் உலமாக்களிடையே இறாலில் கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எண்களைக் கண்டு மிரளாதீர்கள்

'இந்த எண் இருந்தால் பன்றிக் கொழுப்பு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் அதிகம் அடிபடுவது 631. மசாலா சிப்ஸிலும் நூடுல்ஸ் மசாலாவிலும் சுவை கூட்டச் சேர்ப்பது. இதை இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்க வைத்தும் தயாரிக்கலாம். எது சேர்ந்திருக்கிறது என்று எண் சொல்லும், எதிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்லாது. 631-உடன் பச்சை வட்டமும் இருந்தால் பேச்சு முடிந்தது. குறி இல்லாத வெளிநாட்டுப் பாக்கெட்டில் இருந்தால் மஷ்பூஹ், அதாவது சந்தேகத்துக்குரியது. 471-க்கும் (எண்ணெயையும் நீரையும் கலக்க வைப்பது) 920-க்கும் (மாவைப் பதப்படுத்துவது) இதே கணக்கு. 120 மட்டும் வேறு: கார்மைன் என்ற சிவப்பு நிறம், பூச்சியிலிருந்துதான் எடுப்பார்கள். நான் அதை வாங்குவதில்லை. இந்த நான்கையும் போனில் குறித்துக்கொண்டால் போதும், நீளப் பட்டியல் எதற்கு?

படி 3: பெட்டியில் வந்த பாக்கெட்

கடையில் விற்கும் இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் ஸ்டிக்கரும் சைவ, அசைவக் குறியும் இருக்க வேண்டும். சொந்தக்காரர் பெட்டியில் வந்ததில் அது இருக்காது. பிரெஞ்சு லேபிளாக இருந்தால் பி, ஓ, ஆர், சி என்ற நான்கு எழுத்தைத் தேடுங்கள், பன்றி என்று பொருள். ஜெலட்டினுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் வரும். எந்த விலங்கு என்று எழுதாமல் வெறும் ஜெலட்டின் என்றிருந்தாலும் ஒதுக்கி வையுங்கள்.

பிராண்ட் பெயரை நம்பிவிடவும் கூடாது. ஹரிபோ ஜெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியில் செய்யும் கரடி மிட்டாயில் பன்றி ஜெலட்டின், துருக்கியில் செய்யும் ஹலால் வகையில் மாட்டு ஜெலட்டின். கரடி ஒரே கரடிதான். பையைத் திருப்பி, எந்த நாட்டில் செய்தது, ஹலால் முத்திரை உண்டா என்று இரண்டையும் பாருங்கள்.

மலேசியப் பாக்கெட்டில் ஜாகிம் என்ற அரசு இஸ்லாமியத் துறையின் ஹலால் முத்திரை, வட்டத்துக்குள் எட்டு முனை நட்சத்திரம். சிங்கப்பூருக்கு முயிஸ் என்ற இஸ்லாமிய மன்றத்தின் முத்திரை. இந்தோனேசியா 2022-இல் ஊதா நிறப் புது முத்திரைக்கு மாறியது. மலேசியாவில் வாங்கியது என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது, அங்கேயும் இரண்டு வகையும் விற்கிறார்கள்.

படி 4: இன்னும் சந்தேகமா? எழுதிக் கேளுங்கள்

இந்தியப் பாக்கெட்டில் நுகர்வோர் சேவை எண்ணும் மின்னஞ்சலும் அச்சிட்டிருப்பார்கள். 'இது ஹலாலா?' என்று கேட்டால் 'சைவம்தான் சார்' என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

'உங்கள் முட்டை சேர்த்த வெண்ணிலா கேக்கில் உள்ள 471 தாவரத்திலிருந்து எடுத்ததா, விலங்கிலிருந்தா? வெண்ணிலா வாசனையைக் கரைக்க ஆல்கஹால் பயன்படுத்துகிறீர்களா? இந்தப் பொருளுக்கு ஹலால் சான்று உண்டா, கொடுத்த நிறுவனம் எது?'

கூடவே பாக்கெட்டின் பின்பக்கப் படத்தையும், பேட்ச் எண் தெரிகிற மாதிரி, அனுப்புங்கள். வந்த பதிலைச் சேமித்து வையுங்கள். உறை மாறினாலோ 'புதிய சுவை' என்று போட்டிருந்தாலோ அந்தப் பதில் செல்லாது, பட்டியலை மறுபடி படியுங்கள்.