அடைபட்டிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது எப்படி

வெளிநாட்டு வேலைக்குப் போன இடத்தில் என் தம்பி 14 மாதம் தடுப்பில் இருந்தான். மட்டக்களப்பு கல்லடியில் இருந்து அவனுக்கு 31 கடிதம் எழுதினேன். முதல் ஐந்தும் பிழையான கடிதங்கள். இப்போது "அக்கா, என்னெண்டு எழுதுறது?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் வழி. தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவின்படி, பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ளலாம். தூதரக அதிகாரி நேரில் போய்ப் பார்க்கவும் அவருக்கு எழுதவும் உரிமை உண்டு. ஆகவே கடவுச்சீட்டில் உள்ள அதே பெயர், அதே இலக்கத்தோடு தூதரகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். சண்டை நடக்கும் நாடு என்றால் செஞ்சிலுவைத் தாள், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடிதத் தாள். எங்கள் ஊருக்கு அது புதிதில்லை. திறந்த தாள், பிறர் வாசித்த பிறகுதான் போய்ச் சேரும். குடும்பச் செய்தி மட்டும் எழுதுங்கள். வழக்கு, காசு, அரசியல் எதுவும் வேண்டாம்.

இனி என்ன எழுதுவது? "அம்மா சாப்பிடுறா இல்லை, ஒவ்வொரு நாளும் அழுகிறா" என்று நான் எழுதினேன். அதை வாசித்த இரவு தூங்கவில்லை என்று தம்பி பிறகு சொன்னான். அங்கிருந்து அவனால் அம்மாவுக்கு ஒரு பிடி சோறு ஊட்ட முடியுமா?

அந்த நாட்களில்தான் புரூஸ் லெயிங்கனைப் பற்றி வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்து, அப்புறம் தூதரக வேலைக்கு வந்தவர். 1979 நவம்பர் 4 தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டபோது அதன் பொறுப்பாளர் அவர்தான். அன்று ஈரானின் வெளிநாட்டு அமைச்சுக்குப் போயிருந்தவரை அங்கேயே இன்னும் இருவரோடு மறித்து வைத்துவிட்டார்கள். விடுதலையாக மொத்தம் 444 நாள் ஆனது. அவர் மனைவி வீட்டு முற்றத்து ஓக் மரத்தில் ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டினார், அவர் வந்து அவிழ்க்கட்டும் என்று. 1981இல் வந்து அவரே அவிழ்த்தார்.

ஓக் மரத்துக்கு நான் எங்கே போவது? தம்பியின் தோணி இருந்தது. ஆறாம் கடிதத்தில் எழுதினேன்: "தோணியை மாமா வாவிக்கரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அடியில் ஒரு இடத்தில் கீல் உரிந்திருக்கு, நீ வந்துதான் பூச வேணும்." அதற்குத்தான் முதல் பதில் வந்தது. எந்தப் பக்கம், எத்தனை விரல் அகலம் என்று கேட்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் அவர் கைபட்ட ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பற்றி எழுதுங்கள். அவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள், அவர்தான் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக. "அடுத்த மாதம் வந்திடுவாய்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மாதம் வரும், அவர் வரமாட்டார்.

எழுத்து பெரிதாக, ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் மேலே இலக்கமும் திகதியும் போட்டு, பிரதி ஒன்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். 9ஆம் கடிதம் 7க்கு முன் கிடைத்தும் தம்பி குழம்பவில்லை. 17 போய்ச் சேரவே இல்லை. அவன் வந்த அன்று இரவு அதைக் கொப்பியில் இருந்து வாசித்துக் காட்டினேன். கச்சான் காற்றுக்கு வேலி சாய்ந்ததும், பக்கத்து வீட்டு மாடு புகுந்து அம்மாவின் கத்தரிக் கன்றுகளைத் தின்றதும் அதில் இருந்தது.