ஜப்பானில் போலீஸ் நிறுத்தினால்: வெளிநாட்டவர் செய்யும் தவறுகள்

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ போய்க் குடியிருக்கும் வெளிநாட்டவரை ரயில் நிலைய வாசலிலும் ராத்திரி சைக்கிளில் போகும்போதும் போலீஸ்காரர் நிறுத்தி விசாரிப்பது அபூர்வம் இல்லை. டோக்கியோ வழக்கறிஞர் சங்கம் 2022 தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்னவர்கள் 2,094 பேர், எல்லோரும் வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள். அவர்களில் சுமார் 63 சதவீதம் பேரை, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒரு தடவையாவது போலீஸ் நிறுத்தியிருக்கிறது. நிறுத்தப்பட்ட எரிச்சல் உள்ளவர்கள்தான் இந்த மாதிரி கணக்கெடுப்புக்கு ஓடி வந்து பதில் சொல்வார்கள் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் இது பெரிய எண்தான்.

நிறுத்தப்பட்டவர்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் ஒரே குழப்பத்தால். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு வெவ்வேறு சட்டங்கள் வேலை செய்கின்றன. தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம் 1948ஆம் ஆண்டின் போலீஸ் கடமைச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன்படி சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால்தான் நிறுத்தலாம், பதில் சொல்லும்படியோ ஸ்டேஷனுக்கு வரும்படியோ வற்புறுத்த முடியாது. ஜைர்யூ கார்டு எனப்படும் குடியிருப்பு அட்டையைக் காட்டச் சொல்லும் அதிகாரம் குடிவரவுச் சட்டத்திலிருந்து வருகிறது. அது கட்டாயம். ஆக, கேள்விக்குப் பதில் சொல்வது நம் விருப்பம், கார்டைக் காட்டுவது நம் கடமை. பயத்தில் சிலர் எல்லாமே கட்டாயம் என்று நினைத்துக் கேட்காததையும் ஒப்பிக்கிறார்கள். சிலர் இணையத்தில் "இதெல்லாம் உங்கள் விருப்பம்தான்" என்று படித்துவிட்டுக் கார்டையே காட்ட மாட்டேன் என்று நிற்கிறார்கள். இரண்டாவது ரகத்துக்குத்தான் சேதம் அதிகம். காட்ட மறுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் யென் வரை அபராதம் என்கிறது சட்டம்.

சரி, கார்டு வீட்டில் இருந்தால்? கையில் வைத்திருக்காததே தனிக் குற்றம், அதற்கும் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. கீழ்த் தெருவில் இருக்கும் கடைக்குத்தானே போகிறோம் என்று போனை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குவதுதான் இதில் வழக்கமான தவறு. போனில் இருக்கும் போட்டோவும் ஜெராக்ஸும் செல்லாது. ஓட்டுநர் உரிமமும் ஈடாகாது. நடைமுறையில், முதல் தடவை மறந்தவரை வீடு வரை கூடவே போய்க் கார்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடும் போலீஸ்காரர்களும் உண்டு. ஆனால் அது அவருடைய தாராளம், அதை நம்பிக் கிளம்ப முடியாது. இந்த அபராதம் தவறான இடத்தில் வண்டி நிறுத்தியதற்குக் கட்டும் பணம் மாதிரி அல்ல, குற்றவியல் தண்டனை வகையைச் சேர்ந்தது. தெருவில் நின்றபடி யாரும் வசூலிக்க மாட்டார்கள். கேட்டால் அவர் போலீஸே இல்லை.

பதினாறு வயது ஆகாத பிள்ளைகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு உண்டு. குறுகிய கால விசாவில் வருபவர்களுக்கு ஜைர்யூ கார்டு தர மாட்டார்கள், பாஸ்போர்ட்தான் அவர்களுடைய அடையாளம். "பாஸ்போர்ட் தொலைந்தால் வம்பு, பீரோவிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி அவர்களை மாலை நடைக்கு அனுப்புவது அக்கறைதான், ஆனாலும் தப்பு.

கார்டைக் கையில் வாங்கியதும் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது போட்டோவையும் காலாவதி தேதியையும். அடுத்து திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. வீடு மாறினால் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் புது முகவரியைப் பதிய வேண்டும், அதைக் கார்டின் பின்பக்கக் கட்டத்தில்தான் எழுதித் தருவார்கள். "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்ற சாதாரணக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலும் அந்தக் கட்டத்தில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு நீளும். 90 நாள் வரை பதியாமல் விட்டால் விசா தகுதியே ரத்தாகலாம். புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் பின்பக்கம் முக்கியம். காலாவதி ஆவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை அல்லது தேதி தாண்டி இரண்டு மாதம் வரை தங்கலாம். நேரில் விண்ணப்பித்தவருக்குப் பின்பக்கத்தில் விண்ணப்பித்திருப்பதைக் காட்டும் முத்திரை இருக்கும். ஆன்லைனில் விண்ணப்பித்தவருக்கு அது இருக்காது. அவர்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கார்டோடு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அதே பக்கத்தின் அடியில் பகுதிநேர வேலை அனுமதியும் இருக்கும். மாணவர்களுக்கும், குடும்ப விசாவில் இருக்கும் கணவன் மனைவிக்கும் பொதுவாக வாரத்துக்கு 28 மணி நேரம். நட்பாகப் பேச்சுக் கொடுக்கிறாரே என்று "நண்பர் கடையில் சும்மா ஒத்தாசை செய்கிறேன்" என்பது மாதிரி எதையாவது அளந்துவிடக் கூடாது. கேட்டதற்குச் சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். மொழி வரவில்லை என்றால் "நிஹோங்கோ வகாரிமாசென்" என்று சொல்லிவிடலாம். அரைகுறை ஜப்பானிய மொழியில் எல்லாவற்றுக்கும் "ஹாய், ஹாய்" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவது ஆபத்து. எதற்கு ஆமாம் சொன்னோம் என்று நமக்கே தெரியாது.

இனி சைக்கிள். புதிதாக வந்தவர்களை அதிகம் மாட்டவைப்பது இதுதான் என்பது என் எண்ணம். ஜப்பானில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் திருட்டுத் தடுப்புப் பதிவு இருக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நிறுத்திய போலீஸ்காரர் குனிந்து டார்ச் அடித்து அந்த எண்ணை வயர்லெஸ்ஸில் படிப்பார். மறுமுனையிலிருந்து ஒரு பெயர் வரும். அது உங்கள் பெயராக இல்லாவிட்டால், அதுவரை சம்பிரதாயமாக இருந்த விசாரணை திருட்டு விசாரணை ஆகிவிடும். நாடு திரும்பும் நண்பர் சாவியைக் கையில் கொடுத்து "நீயே ஓட்டிக்கோ" என்று விட்டுப்போன சைக்கிள்களின் கதை இதுதான். நண்பரோ விமானம் ஏறியாயிற்று, போன் நம்பரும் மாறியிருக்கும். சைக்கிளை வாங்கும்போதே அவர் கையெழுத்தோடு ஒரு கைமாற்றுச் சான்றும், அவர் பெயரில் உள்ள பழைய பதிவின் ரசீதும் வாங்கிக்கொண்டு, சைக்கிள் கடையில் உங்கள் பெயருக்குப் பதிவை மாற்றிவிட வேண்டும். பதிவு மாநிலவாரியானது என்பதால் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் குடிபோனால் அங்கே மறுபடி செய்ய வேண்டும். ஸ்டேஷன் பக்கத்தில் மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று ஒரு சைக்கிளை எடுத்து ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது குற்றமேதான். ராத்திரி விளக்கில்லாமல் ஓட்டுவது "வாருங்கள், நிறுத்துங்கள்" என்று நாமே கூப்பிடுவது போல.

பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். கார்டு மாதிரி இது கட்டாயம் இல்லை, மறுக்கலாம். மறுத்தால் சம்மதிக்கும் வரை பேசிக்கொண்டே இருப்பார்கள், இன்னும் இரண்டு பேர் வந்து நிற்பார்கள், அரை மணி நேரம் போகும். எனக்குப் பிடிக்கவில்லைதான். இருந்தாலும் வேலைக்கு நேரமாகிற நாளில் திறந்து காட்டிவிட்டுப் போவதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் பையில் கத்தி இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். நியாயமான காரணமில்லாமல் 6 சென்டிமீட்டரைத் தாண்டிய கத்தியோடு வெளியே போவது குற்றம். அதைவிடச் சிறிய மடக்குக் கத்தியையும் இன்னொரு சட்டத்தின் கீழ் பிடிக்கலாம். "தற்காப்புக்கு" என்று சொல்வதுதான் இருப்பதிலேயே மோசமான பதில், அது காரணமாக ஏற்கப்படாது.

கோபம் வருவது இயல்பு. தோற்றத்தை வைத்து நிறுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு கற்பனை அல்ல. 2021 டிசம்பரில் டோக்கியோவில் உள்ள அமெரிக்கத் தூதரகமே இது பற்றித் தன் நாட்டவரை எச்சரித்தது. 2024 ஜனவரியில் வெளிநாட்டுப் பின்னணி கொண்ட மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சண்டைக்கான இடம் அது, தெரு அல்ல. ஓடுவது, போலீஸ்காரரின் கையைத் தட்டிவிடுவது இரண்டும் கூடவே கூடாது. லேசாகத் தள்ளியதுகூட அரசுப் பணியைத் தடுத்த குற்றமாகி, மூன்றாண்டு வரை சிறை என்ற பிரிவில் போய் நிற்கலாம். காரணத்தைக் கேளுங்கள். அடையாள நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், கேட்டால் அவர்கள் காட்ட வேண்டும். மேல்நோக்கித் திறக்கும் அந்த மடிப்பின் மேல் பாதியில் போட்டோவும் பெயரும், கீழ்ப் பாதியில் சின்னமும் இருக்கும். பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் பின்னால் புகார் கொடுக்க உதவும்.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், கைதா வெறும் அழைப்பா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அழைப்பு என்றால் போகாமல் இருக்கலாம். கைது என்றால் கணக்கே வேறு. குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 23 நாள் வரை காவலில் வைக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. அந்த நிலையில் உடனே கேட்க வேண்டியவை மூன்று: மொழிபெயர்ப்பாளர், முதல் சந்திப்புக்குக் கட்டணம் வாங்காத தோபான் வழக்கறிஞர் (முறை வைத்து இந்தப் பணிக்கு வருபவர்), தூதரகத்துக்குத் தகவல். கடைசியாகச் சொன்னது 1963 வியன்னா தூதரக உடன்படிக்கை தரும் உரிமை. பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. விசாரணை முடிந்ததும் நீட்டப்படும் வாக்குமூலம் ஜப்பானிய மொழியில் இருக்கும். அதை வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். திருத்தாவிட்டால் கையெழுத்துப் போட மறுக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது.