அல்காலா பன்மொழி விவிலியத்தின் ஒரு பக்கத்தைப் படிக்கும் முறை

ஸ்பெயினின் அல்காலா நகரில், கர்தினால் சிஸ்னெரோஸின் செலவில், அர்னாவோ கியேன் தெ புரோக்கார் 1514 முதல் 1517 வரை ஆறு தொகுதிகளாக அச்சிட்ட விவிலியத்தின் மின்படிகளை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். புதிதாகப் பழகுவோர் ஆதியாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்துகொள்வது நல்லது. நான்கு மொழிகளும் கூடியிருப்பது விவிலியத்தின் தொடக்கமான மோசேயின் ஐந்நூல்களில் மட்டுமே.

முதலில் எபிரேயப் பத்தியைக் கண்டுபிடியுங்கள். அது தாளின் வெளியோரத்தை ஒட்டியே வரும். ஆகவே வலப்பக்கமானால் வலக்கோடியிலும், இடப்பக்கமானால் இடக்கோடியிலும் தேட வேண்டும். தையலை ஒட்டிய உட்பத்தி கிரேக்கம். அதன் வரிகளுக்கிடையே சொல்லுக்குச் சொல் இலத்தீன் பொருள் பொடியெழுத்தில் ஓடும். நடுவில் இருப்பது மேலைத் திருச்சபை வழங்கிவந்த வுல்காத்தா என்னும் இலத்தீன் பாடம். பக்கத்தின் அடியில் தார்கும் என்னும் அரமேய மொழிபெயர்ப்பும் அதன் இலத்தீன் பெயர்ப்பும் அமைந்திருக்கும்.

அடுத்து, வுல்காத்தாவின் சொற்களுக்கு மேலே பொறித்துள்ள சிற்றெழுத்துகளைப் பின்தொடருங்கள். 'படைத்தார்' என்னும் பொருளுடைய 'கிரெயாவித்' என்ற சொல்லின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எபிரேயத்துக்குப் போனால் 'பாரா' என்னும் வினையை அடைவீர்கள். பக்க ஓரத்தில் வேர்ச்சொற்கள் தரப்பட்டுள்ளன. ஆறாம் தொகுதியின் அகராதியில் அவற்றின் பொருளைப் பார்க்கலாம். எபிரேயம் அரைகுறையாகத் தெரிந்தவரும் வழிதவறாதபடி இதை அமைத்ததில், யூத மரபில் கற்றுப் பின்னர் கிறிஸ்தவரான அல்போன்சோ தெ சமோரா போன்றோரின் புலமை தெரிகிறது. இலத்தீன் வரிகளின் கடைசியில் வரிசையாக நிற்கும் சிறு வட்டங்களைச் சுருக்கக்குறிகள் என்று மயங்க வேண்டாம். அவை பத்திகள் வரிக்கு வரி ஒத்து நிற்பதற்காக அச்சுக்கோப்பவர் இட்டு நிரப்பியவை.

இலத்தீனுக்கு நடுவிடம் கிடைத்தது தற்செயல் அன்று. சிலுவையில் இரு கள்வர்களுக்கு நடுவே இயேசு இருந்ததைப்போல் அது இருப்பதாக முன்னுரையே சொல்கிறது. மூலமொழிகளைக் கொண்டு வுல்காத்தாவைத் திருத்த வேண்டும் என்ற ஸ்பானிய இலக்கண அறிஞர் நெப்ரிஹா, அதற்கு இசைவு கிடைக்காமல் பணியிலிருந்து விலகினார். ஆகவே இந்நூலை நடுநிலையான ஒப்பீடு என்று கொள்வது, என் பார்வையில், சரியன்று.

இதைக் கண்ணாலேயே காண விரும்பினால், புதிய ஏற்பாடு அடங்கிய ஐந்தாம் தொகுதியை எடுங்கள். 1514 ஜனவரி 10 அன்றே அச்சு முடிந்தும், திருத்தந்தையின் ஒப்புதல் 1520இல்தான் கிடைத்ததால், 1516இல் வெளிவந்த, அறிஞர் எராஸ்முஸின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு அதை முந்திக்கொண்டது. அல்காலாவின் இந்த ஐந்தாம் தொகுதியில் 1 யோவான் 5:7ஐப் பாருங்கள்: பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லாத 'விண்ணகச் சாட்சிகள் மூவர்' வாசகம், இலத்தீனிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கிரேக்கப் பத்தியிலும் இடம்பெற்றிருக்கும்.