ஏ-டி நோயும் எக்ஸ்ரேயும்: எங்கே தவறுகிறோம்?

நடக்கப் பழகும் வயதில் பிள்ளை தள்ளாடும். சில ஆண்டுகளில் கண்ணின் வெள்ளையில் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும். அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா, சுருக்கமாக ஏ-டி, அரிய பரம்பரை நோய். இவர்களின் செல்களை எக்ஸ்ரே, காமா கதிர்கள் சுலபமாகக் கொன்றுவிடும். இதைக் கேட்டதும் நம் வீடுகளில் பயம் வேறு பக்கம் போய்விடுகிறது.

முதலில் வெயில். பினாங்கு வெயில் சும்மா இல்லைதான். அதற்காக குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போகாமல் இருக்க வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காதது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற வேறு நோய். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயமும் தேவையில்லாததுதான். ஒன்றில் காந்தம், மற்றதில் ஒலி. பயப்பட ஒன்றுமில்லை.

எக்ஸ்ரே டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்து அறுக்கும். உடனே ஏடிஎம் என்ற புரதம் செல் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க ஆள் கூப்பிடும். அதன் மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது, 1995இல் கண்டுபிடித்தார்கள். ஏ-டியில் அந்தப் புரதம் வேலை செய்யாது. செல் நிற்காமல், அறுந்த டிஎன்ஏவையே பிரதி எடுக்கும். தோல் செல்களைத் தட்டில் பரப்பி, ஒரே அளவு கதிர் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். மற்றவர்களின் செல்கள் பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஏ-டி தட்டில் மிகச் சில புள்ளிகள்தான்.

உயிருக்கே ஆபத்தான தவறு, புற்றுநோய்க்கு வழக்கமான அளவில் ரேடியோதெரபி, அதாவது கதிர் சிகிச்சை, கொடுப்பது. லுக்கீமியா, லிம்போமா இவர்களுக்கு அதிகம் வரும் என்பதால் இது வெறும் கற்பனை இல்லை. 1960களில் ரேடியோதெரபிக்குப் பின் ஏ-டி பிள்ளைகள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டதைப் பார்த்துத்தான் டாக்டர்களுக்குச் சந்தேகமே வந்தது. மேலே சொன்ன செல் ஆய்வு வந்தது 1975இல்தான். ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தும் கதிர் மாதிரியே டிஎன்ஏவை அறுக்கும். அதையும் கேட்டு வையுங்கள்.

சரி, நெஞ்சு எக்ஸ்ரேயே வேண்டாம் என்று அடம் பிடிக்கலாமா? கூடாது. நுரையீரல் தொற்று இவர்களுக்குப் பெரிய எதிரி. தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டும். தேவையில்லாமல் எடுப்பதுதான் தவறு. கோலாலம்பூர் அரசு மருத்துவமனையில் எடுத்த சிடி ஸ்கேனை ஜார்ஜ் டவுன் தனியார் மருத்துவமனையில் மறுபடி எடுப்பார்கள், பழைய படம் கையில் இல்லாததால். படத்தைக் கொண்டு போங்கள்; எக்ஸ்ரே கவுண்டரில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

அப்புறம், மருமகளைத் திட்டுவது. பழுதான மரபணு அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய். பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ள தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல். கதிருக்குப் பயந்து அவர் மேமோகிராமை, அதாவது மார்பக எக்ஸ்ரேயை, தவிர்க்கக் கூடாது; எந்த வயதில் தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.